டெட்ராய்ட் தோத்ததாலயா ஜெயிச்சுச்சு?

வணக்கம்ணா,

நீங்க பாஸ்கெட்பால் பத்தி எப்பவாவது எழுதறதை விடாம படிக்கறேன். போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு மோட்டிவேஷன் செஷன் வச்சாங்க, வந்த ஸ்பீக்கர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கதையைச் சொன்னாரு. 2023-24 சீசன்ல தொடர்ச்சியா 28 மேட்ச் தோத்த டீம், மொத்தமே 14 ஜெயிச்ச டீம், அடுத்த வருஷமே 44 ஜெயிச்சு பிளேஆஃப் போச்சு, அந்தத் தோல்விங்கதான் அவங்களைச் செதுக்குச்சுன்னாரு. எல்லாரும் கை தட்டினோம். வெளிய வந்ததும் கூட வேலை பாக்கற ஒருத்தர் "அட போங்க, அது வேணும்னே தோத்தது, நல்ல ட்ராஃப்ட் பிக் வாங்கத்தான்"னாரு, அதாவது மோசமா தோத்தா புதுசா வர்ற பசங்கள்ல நல்ல ஆளை முன்னாடியே எடுக்கலாமாம். ரெண்டுல எதுங்ணா சரி? நான் 2024 கடைசியிலதான் என்பிஏ பாக்கவே ஆரம்பிச்சேன், அதனால அந்த சீசன் எனக்குத் தெரியாது. அதுல ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எதைப் பாக்கலாம்னும் சொல்லுங்க.

கே.,
கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

ரெண்டு பேர் சொன்னதும் தப்புன்னுதான் எனக்குத் தோணுது. உங்க ஆபீஸ் நண்பரோடது சின்ன தப்பு, அதை முதல்ல முடிச்சிடலாம்.

வேணும்னே தோக்கணும்னு நினைக்கற ஓனர் ஒரு கோச்சுக்கு 6 வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர் எழுதித் தருவாரா சொல்லுங்க. 2023 ஜூன்ல டாம் கோர்ஸ் மான்டி வில்லியம்ஸை அப்படித்தான் கூட்டிட்டு வந்தாரு, அந்த நேரத்துல என்பிஏல எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடையாது. ஃபீனிக்ஸை 2021ல ஃபைனல்ஸ் வரைக்கும் கொண்டு போனவரு, 2022ல சிறந்த கோச் விருது வாங்கினவரு. அவரைக் கூட்டிட்டு வந்தது ஜெயிக்கத்தான். அதுக்கு முந்தின சீசனைச் சொன்னா ஒரு நியாயம் இருக்கு, 2022-23ல டீமோட முக்கிய ஆள் கேட் கன்னிங்ஹாம் கால்ல ஆபரேஷன்னு 12 மேட்சோட உக்காந்துட்டாரு, டீம் 17 ஜெயிச்சு 65 தோத்துச்சு, வர்ற ட்ராஃப்ட்ல எல்லாரும் குறி வச்ச விக்டர் வெம்பன்யாமா வேற இருந்தாரு, அப்ப யாரும் பெருசா அழுதுக்கல. ஆனா கிடைச்சது என்ன? லீக்லயே கடைசியா வந்தும் லாட்டரில, அதாவது யாரு முதல்ல எடுக்கறதுன்னு போடற குலுக்கல்ல, அஞ்சாவது இடம். 2019 லாட்டரியில இருந்து கணக்கு மாறிடுச்சு, கடைசி மூணு டீமுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான், அதுலயும் ஆகக் கடைசியா வந்தா கூடுதலா கிடைக்கற ஒரே நிம்மதி அஞ்சுக்குக் கீழ போக மாட்டோம்ங்கறது. டெட்ராய்ட் போனது சரியா அந்த அஞ்சுக்குத்தான். 14 மட்டும் ஜெயிச்சதுக்கு அப்புறம் 2024லயும் அதே அஞ்சு. 2025ல கடைசியா வந்த யூட்டாவுக்கும் அஞ்சு, 1.8 சதவீதம் வாய்ப்பு வச்சிருந்த டாலஸுக்கு முதல் பிக், கூப்பர் ஃப்ளாக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. திட்டம் போட்டுத் தோத்த டீம் வேணும்னா 2013க்கு அப்புறம் வந்த பிலடெல்பியாவைச் சொல்லுங்க, மேனேஜர் சாம் ஹிங்கி காலம், 2015-16ல 10 ஜெயிச்சு 72 தோத்தாங்க, அத்தனை பாடுபட்டும் எம்பீட் மாதிரி ஸ்டாரை வச்சுக்கிட்டு 2025 வரைக்கும் ரெண்டாவது ரவுண்டைத் தாண்டல. டெட்ராய்ட் அந்த ஜாதி இல்ல. அவங்க ஜெயிக்கத்தான் பாத்தாங்க, முடியல, அதுதான் அந்த சீசனோட கொடுமையே.

இப்ப ஸ்பீக்கர் விஷயத்துக்கு வர்றேன்.

சீசன் ஆரம்பம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல. மியாமிகிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தாங்க, அடுத்து சார்லட், சிகாகோ ரெண்டு பேரையும் அடிச்சாங்க, 2-1, அதாவது ரெண்டு வெற்றி ஒரு தோல்வி. அக்டோபர் 30 ஓக்லஹோமா சிட்டில தோத்தாங்க பாருங்க, அங்க இருந்து டிசம்பர் 28 வரைக்கும் ஒண்ணுகூட ஜெயிக்கல. நவம்பர் மாசம் பூரா ஒரு வெற்றி கிடையாது. நம்மூர்ல அது விடியக்காலை அஞ்சரை, ஆறு மணிக்கு வர்ற மேட்ச், எழுந்து காபி போட்டு உக்காந்தா ஏழரைக்குள்ள மூட் அவுட், அப்படியே ஆபீஸ் கெளம்பணும். நடுவுல சில மேட்ச் கைல வந்து போகும், அதான் இன்னும் கடுப்பு. டிசம்பர் 21 யூட்டா மேட்ச், அவங்க பக்கம் முக்கியமான ஆளுங்களே ஆடல, அதையும் தோத்ததும் சொந்த அரங்கத்துலயே "டீமை வித்துடு"ன்னு கோஷம் போட்டாங்க ரசிகர்கள். கோர்ஸ் விக்கற பேச்சுக்கே இடமில்லைன்னுட்டாரு. அன்னிக்கு கன்னிங்ஹாம் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது, நாங்க 2-26 அளவுக்கு மோசமான டீம் கிடையாதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அஞ்சு நாள் கழிச்சு புரூக்ளின் கூட 41 பாயிண்ட் அடிச்சாரு, அதுலயும் தோல்வி, 27வது, ஒரே சீசன்ல தொடர்ந்து தோத்ததுல புது ரெக்கார்ட். 28வதோட பிலடெல்பியா ரெண்டு சீசன் சேத்து வச்சிருந்த ரெக்கார்டையும் தொட்டாச்சு.

தோல்வி செதுக்குச்சுன்னா எப்ப செதுக்கிச்சுன்னு பாக்கணும் இல்லையா? டிசம்பர் 30 டொராண்டோவை 129-127ல ஜெயிச்சு அந்தத் தொடர் முடிஞ்சப்ப கணக்கு 3-29. அப்புறம் பாக்கி இருந்தது 50 மேட்ச். 28 தோல்வி தந்த பாடத்தையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு ஆடின அந்த 50ல ஜெயிச்சது 11. முடிச்சது 14-68, அந்த கிளப்போட வரலாறுலயே இதுக்கு மேல மோசமா ஒரு சீசன் கிடையாது, 1979-80ல 16-66 இருந்துச்சு, அதையும் தாண்டிட்டாங்க. 1989, 1990, 2004ன்னு மூணு தடவை சாம்பியன் ஆன கிளப்புங்க இது.

அதே 2023-24ல வாஷிங்டன் 15 ஜெயிச்சுச்சு, டெட்ராய்ட்டை விட ஒண்ணே ஒண்ணு கூட. சார்லட் 21. தோல்வி பள்ளிக்கூடம்னா அவங்களும் அதே கிளாஸ்லதான படிச்சாங்க? அடுத்த வருஷம் வாஷிங்டன் 18, சார்லட் 19. இவங்க கதையை எந்த ஸ்பீக்கரும் ஸ்லைடுல போட மாட்டாரு. தேறி வந்த ஒருத்தனைக் காட்டி "பாத்தியா"ன்னு கேக்கறது சுலபம், தேறாம அங்கயே கெடக்கறவன் போட்டோவுக்கு யாரு கை தட்டுவா.

சரி, அப்ப ஏன் அப்படித் தோத்தாங்க? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல மனோதத்துவம் ரொம்பக் கம்மி, முக்காவாசி ஸ்பேஸிங், அதாவது ஆளுங்க கோர்ட்ல எப்படி விரிஞ்சு நிக்கறாங்கங்கறது. கன்னிங்ஹாம் ஆட்டமே பந்தை வச்சுக்கிட்டு உள்ள நுழையறது, நுழைஞ்சு ஒண்ணு தானே போடுவாரு இல்லன்னா வெளிய நிக்கறவனுக்குத் தட்டுவாரு. வெளிய நிக்கறவன் த்ரீ, அதாவது தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட், போடத் தெரிஞ்சவனா இருந்தா அவனைக் காக்கற ஆள் அங்கயே நின்னாகணும், நடுவுல வழி தெறக்கும். டெட்ராய்ட்ல யாரு நின்னா? ஆசார் தாம்சன், டிஃபென்ஸ்ல புலி, ஆனா ரூக்கி வருஷம், அதாவது லீக்ல முதல் வருஷம், அவரோட த்ரீ 18.6 சதவீதம். ஜேலன் டூரன் பாஸ்கெட்டுக்குக் கீழதான் இருப்பாரு. கில்லியன் ஹேய்ஸை எவனும் காக்கறதே கிடையாது, போட்டுக்கோன்னு விட்டுடுவானுங்க. அதனால கன்னிங்ஹாம் உள்ள போறப்பல்லாம் காலை நேரத்து டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி நாலு பேர் அடைச்சுக்கிட்டு நிப்பாங்க, பந்தை வெளிய எறிஞ்சா டர்னோவர், அதாவது எதிராளி கைக்குப் போயிடும், இல்லன்னா ரிம்ல பட்டுத் தெறிக்கும். த்ரீ நல்லா போடற பொகடானோவிச் காயத்தால முதல் 19 மேட்ச் ஆடவே இல்ல.

இது மேனேஜர் ட்ராய் வீவர் கட்டின டீம். ட்ராஃப்ட்ல எடுத்த பசங்களும், மத்த டீம்ல எடுபடாமப் போன பழைய உயர்ந்த பிக்குங்களும் சேந்து ஒரு கலவை, ஒவ்வொருத்தரும் தனியா பாத்தா திறமைதான், சேத்து நிறுத்தினா ஒருத்தன் இடத்துல இன்னொருத்தன் நிக்கறான். வயசும் பாருங்க, சீசன் தொடக்கத்துல கன்னிங்ஹாம் 22, ஐவி 21, தாம்சன் 20, டூரனுக்கு நவம்பர்லதான் 20 ஆச்சு. மான்டி வில்லியம்ஸ் பங்குக்கு ஐவியை பென்ச்ல உக்கார வச்சு ஹேய்ஸை ஆட விட்டாரு, அஞ்சு பேரும் பென்ச் ஆளுங்களா ஒரே நேரத்துல இறக்குவாரு, பாத்துக்கிட்டு இருக்கற லீடெல்லாம் அஞ்சு நிமிஷத்துல காணாமப் போகும். எனக்கு அவர் மேல கோவம் உண்டு, மறைக்கல. அந்த ஹேய்ஸையே பிப்ரவரில டீமை விட்டு அனுப்பிட்டாங்க, அப்ப இத்தனை நாள் எதுக்கு?

2024 கோடையில நடந்ததுதான் விஷயம். வீவர் போனாரு. டீமை நடத்த ட்ரஜன் லாங்டன் வந்தாரு. இன்னும் 5 வருஷம், 65 மில்லியனுக்கு மேல பாக்கி இருக்கறப்பவே ஜூன்ல வில்லியம்ஸை அனுப்பினாங்க. ஆக, தோல்வியில இருந்து பாடம் கத்துக்கிட்டிருக்க வேண்டிய ரெண்டு பெரிய ஆளும் அடுத்த சீசன்ல அந்த டீம்லயே இல்ல, உங்க ஸ்பீக்கர் இதைச் சொன்னாரா? கிளீவ்லண்ட்ல அப்பதான் வேலை போன ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் கோச்சா வந்தாரு. சம்பள வரம்புல இடம் இருந்துச்சு, அதை வச்சு சூப்பர் ஸ்டார் யாரையும் தேடாம மூணு அனுபவசாலிங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, டோபயாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மலிக் பீஸ்லி. ஹார்டவேயை எடுத்துக்கறதுக்கு டாலஸ் கூடவே மூணு செகண்ட் ரவுண்ட் பிக்கும் குடுத்துச்சு, அதாவது காசு குடுத்துத் தள்ளிவிட்ட ஆள். பீஸ்லி ஒரு வருஷத்துக்கு 6 மில்லியன், என்பிஏல அது சில்லறை. அந்தச் சில்லறை ஆள் அந்த சீசன்ல போட்ட த்ரீ 319. பிஸ்டன்ஸ் வரலாறுல ஒரே சீசன்ல அத்தனை யாரும் போட்டதில்ல, லீக்லயே ஆண்டனி எட்வர்ட்ஸ் மட்டும்தான் அவரை விட ஒண்ணு கூட. இப்ப கன்னிங்ஹாம் உள்ள நுழைஞ்சா பீஸ்லியை விட்டுட்டு வர ஒருத்தனுக்கும் தைரியம் வராது, வழி தானா தெறக்குது. மேட்சுக்கு 22.7 பாயிண்ட், 7.5 அசிஸ்ட்டா (அடுத்தவன் கூடையில போட வழி பண்ணித் தர்ற பாஸ்) இருந்தவரு 26.1, 9.1ன்னு ஆனாரு, ஆல் ஸ்டார் ஆனாரு. ஜனவரி 1ல ஐவிக்குக் கால் எலும்பு முறிஞ்சும் டீம் நிக்கல. 82 மேட்ச் சீசன்ல முந்தின வருஷத்தைப் போல மூணு மடங்கு ஜெயிச்ச முதல் டீம் அவங்கதான், 14ல இருந்து 44. பிளேஆஃப்ல நியூயார்க்கை மேடிசன் ஸ்கொயர் கார்டன்லயே ஒரு மேட்ச் அடிச்சாங்க, 2008க்கு அப்புறம் அவங்க ஜெயிச்ச முதல் பிளேஆஃப் மேட்ச், அதுவரைக்கும் பிளேஆஃப்ல மட்டும் தொடர்ந்து 15 தோல்வி, அதுவும் ஒரு ரெக்கார்டுதான், ரெக்கார்டுக்கு மட்டும் அந்த ஊர்ல பஞ்சமில்ல. கடைசியில 4-2ன்னு தோத்தாங்க.

ஸ்பீக்கர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பசங்களுக்கு ஒரு வயசு கூடுச்சு, தொடர்ந்து ஆடினதுல அவசரம் கொறைஞ்சுது, அது நிஜம். ஆனா அது ஆடினதால வந்தது, தோத்ததால வந்தது இல்ல. அதே நிமிஷங்களை 30 மேட்ச் ஜெயிக்கற டீம்ல ஆடியிருந்தாலும் வந்திருக்கும், கூடுதலா ரெண்டு மாசம் ராத்திரி தூக்கமாவது மிஞ்சியிருக்கும். கன்னிங்ஹாம் அந்த 28லயும் நல்லாதான் ஆடினாரு. நாங்க அவ்வளவு மோசமில்லன்னு அன்னிக்கு அவர் சொன்னது வெறும் வீம்பு இல்ல, சுத்தி நிறுத்தின ஆளுங்களை மாத்தினா என்ன ஆகும்னு அவருக்கு உள்ள இருந்தே தெரிஞ்சிருக்கு, வெளிய சிரிச்ச நமக்குத்தான் தெரியல.

நீங்க கேட்ட மேட்ச். எல்லாரும் டொராண்டோ வெற்றியைப் பாருன்னுவாங்க, கன்னிங்ஹாம் 30 பாயிண்ட் 12 அசிஸ்ட், சொந்த ஊர்ல, அரங்கமே எழுந்து நிக்கும். பாருங்க, வேண்டாங்கல. ஆனா அன்னிக்கு டொராண்டோ அரை டீம். அன்னிக்குத்தான் அனுநோபி, அச்சியுவா, மலாக்கை ஃப்ளின் மூணு பேரையும் நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தாங்க, பதிலுக்கு வந்தவங்க இன்னும் ஜெர்சி போடல. என்னைக் கேட்டா ரெண்டு நாள் முன்னாடி பாஸ்டன்ல நடந்த 28வது தோல்வியைப் பாருங்க. அந்த வருஷம் சாம்பியன் ஆன டீம், அவங்க ஊர்ல, பாதி ஆட்டத்துல டெட்ராய்ட் 66-47. ஹைலைட்ஸ் வேண்டாம், முழுசா பாருங்க, அப்பதான் அந்த 19 பாயிண்ட் லீட் ரெண்டாவது பாதியில எப்படிக் கரையுதுன்னு தெரியும், ஓவர்டைம் போய் 128-122ல தோப்பாங்க. நான் மேல ஸ்பேஸிங் பத்தி சொன்னது முழுக்க அதுல இருக்கு.

நேரம் மிச்சமிருந்தா இன்னொண்ணு. அந்த ஃப்ளின் இருக்காரே, அவரை நியூயார்க்கும் பிப்ரவரில கைகழுவி டெட்ராய்ட்டுக்கே அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் மேட்சுக்கு அஞ்சாறு பாயிண்ட் போடற ஆளு, ஏப்ரல் 3 அட்லாண்டால பென்ச்ல இருந்து எழுந்து வந்து 50 அடிச்சாரு. அதையும் 121-113ல தோத்துட்டாங்க.