பழைய பைக்கில் ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கியரும் பிரேக்கும் என்ன ஆகும்?

கேட்டவரிடம் இருப்பது நாலு கியர் கொண்ட பழைய புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஹேண்டில்பாரைத் தாழ்வாக மாற்றியிருக்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறது, உட்கார்ந்தால் நாற்காலியில் குனிந்து செருப்பு மாட்டுவது போல இருக்கிறது என்கிறார். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் கொண்டுபோகலாமா என்பது கேள்வி.

போகலாம். இதே வகை வண்டியில் நான் இதை இரண்டு தடவை செய்திருக்கிறேன். இரண்டாவது தடவை எதற்கு என்றால், முதல் தடவை செய்தது தப்பு.

ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்துவது இதில் சின்ன வேலை: ஃப்ரேமில் ஒரு பிளேட் மாட்டி, அதில் பின்தள்ளி ஃபுட்ரெஸ்ட்டை போல்ட் போட்டு இறுக்குவது. ஆனால் பலம் வேண்டும். 80 கிலோ ஆள் எழுந்து நின்று, பிளேட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி மிதித்தால், அந்த போல்ட்டின் அடியில் ஏறத்தாழ 78 நியூட்டன் மீட்டர் வளைவு விசை விழும். பள்ளத்தில் விழுந்து எழும்போது அது பல மடங்காகும். அதனால் நல்ல கனமான பிளேட், பிளேட்டில் அகலமாகப் படியும் தோள் உள்ள பெக் (கால் வைக்கும் கட்டை), இரண்டு இடத்தில் பிடிமானம். ஃப்ரேமில் வெல்டிங் வைக்காதீர்கள். இருக்கிற ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். நாளைக்கு மனசு மாறினால் பழையபடி மாட்ட வழி இருக்கும். அட்டையை வெட்டி, பிளேட் மாதிரி செய்து, டேப் ஒட்டி, வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அட்டை மலிவு, இரும்பு அப்படி இல்லை.

வலது பக்கம் கிக்கர் இருப்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் போன பெக், கிக்கர் இறங்கும் வழியிலேயே வந்து நிற்கும். மடங்கும் பெக் போட்டால்தான் உதைக்க முடியும். கணுக்கால் சொல்லித் தந்த பாடம் இது.

அடுத்தது கியர். இந்த வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனிலிருந்து (பல் வெட்டிய முனை) லீவரைக் கழற்றி, முன்னால் நீண்டிருப்பதைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் கால் எட்டும். ஆனால் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுழலும், ஒன்று கீழே மூன்று மேலே என்று ஆகிவிடும். இது சிலருக்குப் பிடிக்கும், இப்போதைய வண்டிகள் பலவற்றிலும் முதல் கியர் கீழேதானே. எனக்குப் பல வருடப் பழக்கம் காலில் ஊறியிருக்கிறது. அவசரத்தில் கியரைக் குறைக்க நினைத்து ஏற்றிவிடுவேன் என்று பயம். அதனால் பின்னால் தனிப் பெடல் போட்டு, அதை கியர் ஷாஃப்ட்டோடு இணைக்க லிங்க் ராடு (இணைப்புக் கம்பி) வைத்தேன்.

லிங்க் ராடு வைத்தால் திசை உங்கள் கையில். பெடலின் குட்டிக் கையும் கியர் ஷாஃப்ட்டின் குட்டிக் கையும் இரண்டுமே மேலே பார்த்தால் பழைய வரிசை அப்படியே வரும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் வரிசை திரும்பிவிடும். லீவர் நடுநிலையில் இருக்கும்போது ராடும் அந்தக் கையும் 90 டிகிரியில் சந்திக்க வேண்டும். கோணம் விலகினால் மேலே தூக்குவது ஒரு மாதிரியும் கீழே அழுத்துவது வேறு மாதிரியும் இருக்கும். ராடின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை போட்டுக்கொள்ளுங்கள். எதையும் கழற்றாமல் ராடை விரலால் உருட்டியே லீவர் உயரத்தைச் சரிசெய்யலாம். லாக் நட் கட்டாயம். பால் ஜாயிண்ட்டில் நூலளவு ஆட்டம் இருந்தால்கூட லீவர் நுனியில் அது பெரிதாகத் தெரியும்.

லீவரைக் கழற்றும்போது ஒன்று: பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தியும் வரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள். பல வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்ட்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகும். முழுதாக உருவினால்தான் லீவர் வரும். பக்கத்தில் இருக்கும், மிதித்தால் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் லீவருக்கு இனி கால் எட்டாது. புல்லட்காரர்களுக்கு அது இழப்புதான்; சிக்னலில் நியூட்ரலை இனி நீங்களே தேட வேண்டும்.

இனி பிரேக். நான் சறுக்கிய இடம் இது.

முதல் கணக்கு, பெடல் விகிதம். பிவட்டிலிருந்து (பெடல் சுழலும் அச்சு) கால் வைக்கும் இடம் வரை உள்ள நீளத்தை, பிவட்டிலிருந்து பின் டிரம்முக்குப் போகும் பிரேக் ராடு மாட்டும் ஓட்டை வரை உள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். பின்னால் தள்ளிய பெடல் பெரும்பாலும் குட்டையாகிவிடும். 240-க்கு 40 மி.மீ. இருந்தால் ஆறு மடங்கு. கால் பக்கத்தை 150 ஆக்கிவிட்டு மறுபக்கம் 40-ஐ அப்படியே விட்டால் நாலு மடங்குகூட வராது. டிரம் பிரேக்குக்கு அது போதாது. நான் 150-க்கு 30 வைத்தேன், ஐந்து மடங்கு. அதற்கு மேல் போனால் ராடு இழுபடும் தூரம் குறைந்து, பிரேக் ஷூ (டிரம்முக்குள் அழுத்தும் கட்டை) டிரம்மைத் தொடும் முன்பே பெடல் தரையைப் பார்க்கும்.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றி, பிரேக் ராடின் நட்டைத் திருகி, பெடலைத் தொட்டதும் சக்கரம் நிற்கும்படி வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் பின்னால் ஒரு நண்பனை ஏற்றிக்கொண்டு கிளம்பி முதல் திருப்பத்தில் மிதித்தால், பெடல் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. முன் பிரேக்தான் காப்பாற்றியது. திரும்பி வந்து ஸ்டாண்டில் ஏற்றினால் பிரேக் கன கச்சிதம்! பேய் பிடித்த வண்டி என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் இதுதான். பின்சக்கரம், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பிவட்டை மையமாக வைத்து ஏறி இறங்குகிறது. பிரேக் ராடோ பெடலில் மாட்டிய முனையை மையமாக வைத்து ஏறி இறங்குகிறது. இரண்டு மையமும் ஒரே இடத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. என் ராடு முனை ஸ்விங் ஆர்ம் பிவட்டுக்கு நேர் மேலே 50 மி.மீ. உயரத்தில் இருந்தது. ஸ்விங் ஆர்ம் நீளம் 500 மி.மீ. என்று வையுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து சக்கரம் 60 மி.மீ. மேலேறினால் ராடில் சுமார் 6 மி.மீ. தொய்வு விழும். ஐந்து மடங்கு விகிதத்தில் பெடல் நுனியில் அது 30 மி.மீ. வெற்று ஓட்டம். ராடு முனை பிவட்டுக்குக் கீழே இருந்திருந்தால் நேர்மாறு: ஆள் ஏற ஏற பிரேக் தானாகப் பிடித்து, டிரம் சூடாகி, ஷூ தேய்ந்திருக்கும்.

பெக்கும் பெடல் பிவட்டும் ஒரே போல்ட்டில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெடல் பிவட்டை மட்டும் 50 மி.மீ. கீழே இறக்கிப் புதுப் பிளேட் வெட்டினேன். ராடு முனை ஸ்விங் ஆர்ம் பிவட்டுக்கு நேராக வந்தது. அதன் பிறகு பெடல் ஒழுங்காகிவிட்டது. ராடுக்குப் பதில் கேபிள் போடுகிறவர்களும் உண்டு. கேபிளுக்கு இந்தச் சிக்கல் வராது, ஆனால் உராய்வில் கொஞ்சம் விசை போகும். கூர்மையாக வளைத்துவிட்டால் நிறையவே போகும்.

மரை பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் அங்குல மரைகள் கலந்து கிடக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., பார்வைக்கு 8 மி.மீ. போல்ட்தான். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனரில் பலம் காட்டினால் மரை போச்சு. பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை உரசி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது வேறு இனம்.

கியரையே இடது காலுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க விதிக்காக பிரிட்டிஷ் பைக் கம்பெனியான நார்ட்டனே 1975-இல் தன் கமாண்டோ மாடலின் கியரை இடதுக்கு மாற்ற வேண்டி வந்தது. குறுக்கே ஒரு ஷாஃப்ட் ஓட்டித்தான் செய்தார்கள். வீட்டில் செய்வதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாம் மாட்டிய பிறகு பிரேக்கை மூன்று நிலையில் சோதியுங்கள்: ஸ்டாண்டில், நீங்கள் மட்டும் உட்கார்ந்து, பின்னால் ஆளை ஏற்றி. மூன்றிலும் பெடல் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்கும் அந்த நேரத்தில் டிரம் பக்கத்துக் கையும் ராடும் 90 டிகிரிக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் லைட் சுவிட்சையும் மாட்டுங்கள். நான் அதை ஒரு மாதம் மறந்திருந்தேன், பின்னால் வந்த ஒருவர் திட்டித்தான் தெரிந்தது.