கடந்த பத்தாண்டில் எனக்குப் பிடித்த படங்கள்: எல்லாவற்றிலும் யாரோ நடக்கிறார்கள்

கேள்வி: ஒரு சினிமா ரசிகராக, கடந்த பத்தாண்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் எவை? ஏன்?

மூன்று நாட்களாகப் பட்டியல் போடுவதும் அடிப்பதுமாக இருந்தேன். 2015 முதல் 2024 வரை என்று வைத்துக்கொண்டேன். முதலில் எழுதியதில் ஐம்பதுக்கு மேல் இருந்தன. பார்த்த அன்று வாய் பிளந்து, அடுத்த மாதமே மறந்துபோனவற்றை அடித்தேன். இரண்டாம் முறை பார்க்க மனம் வராதவையும் போயின. மிஞ்சியது பதின்மூன்று. அவற்றை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஏறக்குறைய எல்லாப் படத்திலும் யாரோ ஒருவர் நடக்கிறார். வெயிலில், மலையில், இரவுத் தெருவில், ஒரு வீட்டின் அடுப்படிக்குள். நான் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஒருவர் நடப்பதைத் திரையில் நேரம் கொடுத்துக் காட்டினால், அவரோடு நானும் போய்விடுகிறேன் என்பது இப்போது புரிகிறது.

(படங்களின் முடிவுகளைப் பற்றியும் பேசப்போகிறேன். பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

முதலிடம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு. 2018இல் வந்தது, லெனின் பாரதி இயக்கியது. கதை என்று சொன்னால் ஒரு வரிதான். ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. படத்தின் முதல் பகுதி முழுக்க அவர் மலையேறுகிறார். வழியில் பார்ப்பவர்களோடு பேசுகிறார், நிற்கிறார், மறுபடி ஏறுகிறார். 'கதை எப்போது ஆரம்பிக்கும்' என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். எனக்கு அந்த ஏற்றம்தான் கதை. அந்தப் பாதையில் எந்தக் கல் வழுக்கும், எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் பின்னால், உழைத்துச் சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கிய மூட்டை அதே மலையில் சிதறிப்போகும்போது, யாரும் அழுது காட்டாமலே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக ரங்கசாமி உட்கார்ந்திருக்கிறார். கேமரா மேலே மேலே போகிறது. ஒரு காற்றாலை பத்தாகிறது, நூறாகிறது. ஒரு மனிதனின் இழப்பு ஒரு நிலப்பரப்பின் இழப்பாக மாறுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். வீடு வரும்வரை அவர் எதுவும் பேசவில்லை. கதவைத் திறக்கும்போது, "அந்த மூட்டை ஐம்பது கிலோ இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். சின்ன வயதில் அவர் மூட்டை சுமந்து சம்பாதித்தவர் என்பது அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் இந்தப் படத்தை என்னால் நடுநிலையாக மதிப்பிட முடியாது. மதிப்பிடவும் விரும்பவில்லை.

இதற்கு ஈடாக நான் வைப்பது பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான். ஒன்றேகால் மணி நேரப் படம். குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவரப் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார். போகும்போது பேருந்து. திரும்பும்போது கொளுத்தும் வெயிலில் நடை. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்ததுதான் இந்தக் கதைக்கு வித்து என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த நடையை அவர் அப்பனுக்கே கொடுத்துவிட்டார். அந்த முடிவின் நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தாகம் தெரியாமல் இருக்கச் சிறுவன் வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. இந்த நடை எத்தனையாவது முறை என்று யாரும் வாயால் சொல்லவில்லை, கற்கள் சொல்லிவிட்டன. அதன் பிறகும் படம் முடிவதில்லை. ஊற்றுக்குழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் தண்ணீரை ஒரு பெண் பொறுமையாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். குழி நிறைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நாமும் காத்திருக்கிறோம். அப்பனின் கோபத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த படம், கடைசி நிமிடங்களை அந்தப் பொறுமைக்குக் கொடுக்கிறது.

வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி'யும் (2024) என் பட்டியலில் உண்டு. பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்க ஒரே ஒரு வசனம்தான் பேசுகிறாள். வழியை மறித்து நிற்கும் ஒரு மாட்டைக் கண்டு அவளைக் கூட்டிப்போகும் ஆம்பளைகள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். திரையரங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கைதட்டத் தோன்றியது.

'96'ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரேம்குமாரின் முதல் படம், 2018. பாடல்களுக்காகவும் பள்ளிக் காதலுக்காகவும் அதைக் கொண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ராமும் ஜானுவும் இரவில் தெருவில் நடக்கும் பகுதியைத்தான். இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அது குறைவதும் கூடுவதும்தான் அந்த இரவின் கதை. 2023இல் வந்த செலின் சாங்கின் 'பாஸ்ட் லைவ்ஸ்' பார்த்தபோது, வேறொரு மொழியில் இதே நடையைக் கண்டேன். நோராவும் ஹே சங்கும் வாடகைக் கார் நிற்கும் இடம்வரை திரையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நடக்கிறார்கள். பேசாமல் நிற்கிறார்கள். கார் போனதும் அவள் மட்டும் இடமிருந்து வலமாக, வந்த வழியே திரும்பி நடக்கிறாள். வீட்டு வாசலில் காத்திருக்கும் கணவனைக் கண்டதும் உடைந்து அழுகிறாள். போகும்போது ஒரு திசை, வரும்போது ஒரு திசை. அவ்வளவுதான் செய்திருக்கிறார்கள். இரண்டு படத்தில் எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால் நான் '96' பக்கம்தான். அந்த விமான நிலையப் பிரிவுக்குப் பிறகு ராம் அவளுடைய உடையை மடித்துப் பெட்டியில் வைக்கும் அக்கறை என்னை விட்டுப் போகவே இல்லை.

மலையாளத்தில் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021). 'அதில் எங்கே நடை?' என்று கேட்பீர்கள். எண்ணிப் பாருங்கள்: அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு, மேசையிலிருந்து கழுவும் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து மறுபடி அடுப்புக்கு. நாள் முழுக்க நடந்தும் அந்த மருமகள் வீட்டைத் தாண்டவில்லை. ஜியோ பேபி இதை ஒரு முறை காட்டிவிட்டுச் சுருக்கியிருக்கலாம். மறுநாள், அதற்கு மறுநாள் என்று காட்டிக்கொண்டே இருக்கிறார். நமக்கே சலிக்க வேண்டும், அந்தச் சலிப்பில்தான் படம் இருக்கிறது. அதனால் கடைசியில் அவள் தொட்டித் தண்ணீரைக் கணவன்மீதும் மாமனார்மீதும் ஊற்றிவிட்டு வெளியே வந்து, திறந்த சாலையில் வேகமாக நடக்கும்போது, அந்தச் சாலை அவ்வளவு அகலமாகத் தெரிகிறது. அந்தத் தம்பதிக்குப் படம் முழுக்கப் பெயர் கிடையாது என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' பாதிக்கு மேல் தமிழ்ப் படம்தான். வேன் நிற்கிறது. தூங்கி எழுந்த ஜேம்ஸ் இறங்கிச் சோளக்காட்டு வழியே நடக்கிறார், முன்பின் பார்த்திராத ஊருக்குள், ஒரு வீட்டுக்குள், சொந்த வீடு மாதிரிப் போகிறார். இரண்டு வருடம் முன்பு காணாமல்போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். மம்மூட்டியின் நடையே மாறிவிடும். தோளும் கழுத்தும்கூட வேறு ஆளாகிவிடும். பின்னணியில் எங்கிருந்தோ பழைய தமிழ்ப் பாட்டும் படவசனமும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தமிழர்களுக்கு அவை ஒரு கூடுதல் அடுக்கு. பார்வையில்லாத அம்மா மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அவரை மகனாக ஏற்றுக்கொள்வதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கும் அவர்தான். அங்கே மனிதர்களோடு மலையேறிய கேமராவை இங்கே அசையாமல் நிறுத்திவிட்டு, மனிதர்களை உள்ளே வரவும் வெளியே போகவும் விட்டிருக்கிறார்.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022): மாயாண்டியாக நடித்த நல்லாண்டி ஐயா நிஜ விவசாயி, படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதுகளில் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும், அவருக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன. அவருடைய அவசரமில்லாத நடையின் வேகம்தான் படத்தின் வேகம். விஜய் சேதுபதியின் ராமையா மலையேறிப் போய் அப்படியே காற்றில் மறைந்துவிடுகிறார். அந்த ஒரு காட்சியை நம்ப முடிந்தவர்களுக்கு அந்தப் படம் முழுசாகக் கிடைக்கும்.

நடக்க விடாத படங்களும் இரண்டு இருக்கின்றன. 'பரியேறும் பெருமாள்' (2018): கடைசியில் வரும் இரண்டு தேநீர்க் குவளைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மறக்காதது, பரியனின் அப்பா உடை உருவப்பட்டுத் தெருவில் ஓடுவது. நடித்தவர் நாட்டுப்புறக் கலைஞர் நெல்லை தங்கராஜ். அந்த ஓட்டத்தை இரண்டாம் முறை முழுதாகப் பார்க்க என்னால் முடியவில்லை; ஆனால் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். மற்றொன்று வெற்றிமாறனின் 'விசாரணை'. மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து எடுத்தது. பிழைப்புக்காக வெளியூர் போனவர்களை ஓர் அறைக்குள் போட்டு அடிக்கிறார்கள். வெளியே விட்ட பிறகும் அவர்கள் வீடு போய்ச் சேரவில்லை.

'கைதி'யையும் சேர்க்கிறேன். பாட்டில்லாமல் ஒரே இரவில் ஓடும் படம் என்று புகழ்வார்கள். பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு, முகம்கூடப் பார்த்திராத மகளைத் தேடிப் புறப்பட்ட ஓர் அப்பனின் பயணம் என்பதால் எனக்குப் பிடிக்கும். அல்போன்சோ குவாரோனின் 'ரோமா'வில் (2018) நீச்சல் தெரியாத கிளியோ, பிள்ளைகளைக் காப்பாற்ற அலைக்குள் நடந்துபோவதை வெட்டே இல்லாமல் கேமரா பக்கவாட்டில் தொடரும். அதைப் பற்றி மேலே ஏதும் சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள்.

கடைசியாக 'ஆஃப்டர்சன்', 2022. சார்லட் வெல்ஸின் முதல் படம். பதினோரு வயது சோஃபி, அப்பாவோடு விடுமுறைக்குப் போன நாட்களின் பழைய வீடியோவை, பெரியவளான பிறகு போட்டுப் பார்க்கிறாள். படம் நெடுக அப்பாவுக்கு என்ன பிரச்சினை என்று யாரும் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில் அவர் விமான நிலையத்தில் மகளைப் படம்பிடித்து முடித்து, கேமராவை மூடி, நீளமான நடைபாதையில் நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். நாம் பார்ப்பது முதுகை மட்டும்.

இதைப் பார்த்த வருடம் என் அப்பா இல்லை. கைப்பேசியில் அவருடைய வீடியோ ஒன்றுதான் இருக்கிறது, நாற்பது விநாடி. அதிலும் அவர் எனக்கு முன்னால் நடந்து போகிறார், செருப்புச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஐம்பதில் பதின்மூன்று எப்படி மிஞ்சியது என்று கேட்டால், அந்த நாற்பது விநாடியும் ஒரு காரணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'கூழாங்கல்', பகலில், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை எங்காவது பெரிய திரையில் மறுபடி போட்டால் எனக்குக் கருத்துரையில் சொல்லுங்கள், கட்டாயம் வருவேன்.