பூர்வீக வீட்டுக்குப் பின்னால் சின்ன வீடு: கொத்தனாருக்கு முன்னால் பங்காளிகள்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீண்டது. அடுப்படிக் கட்டுக்குப் பின்னால் 40க்கு 35 அடி இடம் சும்மா கிடக்கிறது. அப்பச்சியாலும் ஆத்தாவாலும் படியேறி இறங்கிப் புழங்க முடியவில்லை. அவர்களுக்கு அங்கே 500 சதுர அடியில் ஒரு வீடு கட்டலாமா? பழைய வீட்டின் பின்சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொண்டால் செலவு குறையும் என்கிறார் கொத்தனார்.

பதில்: கட்டலாம். ஆனால் முதலில் பத்திரப் பெட்டியைத் திறங்கள். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் பல, இன்னும் பல புள்ளிகளுக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவாகவே இருக்கின்றன. பட்டாவும் கூட்டுப் பட்டாதான். "பின்னால் இருக்கிற இடம் உங்களுக்கு" என்று ஐயா காலத்தில் வாய்ப்பேச்சாக முடிந்திருக்கலாம். பேசியவர்கள் இருக்கும்வரை சிக்கல் வராது. பாகம் பிரியாத இடத்தில் உங்கள் காசில் கட்டினாலும் அடிமனை பொதுவாகவே இருக்கும். வேறொரு பங்காளி பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம், பாதி வேலையில் தடை உத்தரவும் வாங்கலாம். வங்கியும் கடன் தரத் தயங்கும்.

ஆகவே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம உரிமை உண்டு. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளின் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லாரும் கூடும்போது பேச்சை எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடியும்.

அப்புறம் அந்தப் பின்சுவர். கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய சுவர், இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி நிலைத்துவிட்டது. புதுக் கட்டடம் இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் விரிசல் நிச்சயம். புதுத் தளத்தின் பாரத்தைப் பழைய சுவரில் ஏற்றவே கூடாது. பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதை ஒரு சின்னக் குழி தோண்டிப் பாருங்கள். அதைவிட ஓரடி ஆழமாகப் போனால் இரண்டடியாவது விலக வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. சுவரை ஒட்டி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் பெரிய வீட்டுக்கே ஆபத்து. உங்களிடம் இருக்கும் இடத்துக்குப் பத்தடி இடைவெளி தாராளமாக விடலாம், காற்றும் வரும்.

இன்னொன்று: வளவு முற்றத்தில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியே போகிறது? பல வீடுகளில் கல் வடிகால் பின்பக்கமாகத்தான் ஓடும். பத்துக் குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிப் பாருங்கள். அந்த வழியில் கடைக்கால் போட்டுவிட்டால் அடுத்த மழைக்கு முற்றம் குளமாகிவிடும்.

அனுமதிக்கு வருவோம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனைகளுக்கு. உங்கள் மனை மொத்தமாக அதைத் தாண்டிவிடும் என்பதால் வழக்கமான முறையில் மாநகராட்சியிடம் விண்ணப்பியுங்கள். வரைபடத்தில் பழைய வீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இரண்டின் பரப்பும் சேர்த்துத்தான் கணக்கு. சமையலறையும் வாசலும் தனியாக இருந்தால் மின் இணைப்பும் தனியாகக் கேட்கலாம்.

கிணறு இருந்தால் கழிவுநீர் உறிஞ்சுகுழியை அதிலிருந்து 18 மீட்டராவது தள்ளி அமையுங்கள். இடம் போதவில்லை என்றால் பின் தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்று விசாரித்து அதில் இணைப்பது மேல்.

வீட்டுக்குள்ளே, உயர்ந்த நிலைப்படி வேண்டாம். வாசலில் படிக்குப் பதில் சாய்தளம்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். குளியலறைக் கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கட்டும்; உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவை மறித்துக்கொள்ள மாட்டார்கள். ஆத்தங்குடிக் கல் ஆசை இருந்தால் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புழங்கப் புழங்க வழவழப்பாகும் கல் அது; ஈரம் பட்டால் வயதானவர்களுக்கு வழுக்கும். குளியலறைக்குச் சொரசொரப்பான தரை ஓடு போடுங்கள்.