ஆற்றங்கரையில் பொறுக்கிய கல், உருட்டினால் ஏன் பளபளக்கிறது?

ஆற்றில் ஈரமாகக் கிடந்தபோது மின்னிய கூழாங்கல், வீட்டுக்கு வந்து காய்ந்ததும் மங்கிப்போகும். காரணம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதால்தான் முன்பு மின்னியது.

கல் உருட்டுவது என்றால் அந்த மேடுகளை நிரந்தரமாகத் தேய்த்தெடுப்பது. இதற்கான டம்ளர் (காபி டம்ளர் அல்ல!) மோட்டாரில் மெதுவாகச் சுழலும் ரப்பர் உருளை. முக்கால் பங்கு கல், கொஞ்சம் தண்ணீர், சிலிக்கான் கார்பைடு என்கிற கடினமான தேய்ப்புத் தூள் போட்டு ஒரு வாரம் ஓடவிட வேண்டும். அப்புறம் இன்னும் நைசான தூள், கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். மொத்தம் நான்கு வாரமாவது ஆகும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர் முதலில் கரடான கல்லும் பிறகு நைசான கல்லும் வைத்துத் தேய்ப்பாரே, அதே வேலைதான்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள்; ஒரு சிட்டிகை பழைய தூள் மிஞ்சினாலும் கீறல் விழும். கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

வெள்ளைக்கல் என்கிற குவார்ட்ஸ் அருமையாக வரும். மணற்கல் மணலாக உதிர்ந்துதான் போகும்.

இந்தப் பளபளப்பைப் பார்த்து வார்னிஷ் பூசியது என்று பலர் நினைக்கிறார்கள்; மேலே எதுவும் பூசவில்லை, அது கல்லின் சொந்த மேற்பரப்பு.