பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு: கணிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம்

அம்மா, வணக்கம்.

உங்கள் மகளுக்கு இயற்பியல் இடம் கிடைத்தது என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அவளே விரும்பிக் கேட்ட பாடம் என்பது அதைவிட நல்ல செய்தி. இப்போது உங்களைக் குழப்புவது கல்லூரி கொடுத்திருக்கும் அந்தப் படிவம். கணிதம், வேதியியல், கணினி அறிவியல் மூன்றில் இரண்டை அல்லைடு பாடமாக, அதாவது இயற்பியலுக்குத் துணைப் பாடமாக, எடுக்க வேண்டும், எது முதலாண்டில் என்றும் குறிக்க வேண்டும். பிளஸ் டூ கணிதத்தில் மதிப்பெண் குறைந்துபோனதால், அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுக்கலாம் என்பது அவள் யோசனை. கம்ப்யூட்டர் எடுத்தால்தான் வேலை என்று உறவினர் ஒருவர் வேறு சொல்லியிருக்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணிதத்தை எடுக்கட்டும். அதையும் முதலாண்டிலேயே எடுக்கட்டும். இரண்டாவது பாடம் எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் இந்தத் தேர்வை மாணவர்களிடம் விடுவதே இல்லை. ஒரு வருடம் கணிதம், ஒரு வருடம் வேதியியல் என்று அவர்களே வைத்துவிடுவார்கள். அது வெறும் பழக்கம் இல்லை. முதல் பருவத்தில் வழக்கமாக வரும் மேஜர் தாள், அதாவது முதன்மைப் பாடத் தாள், பருப்பொருளின் பண்புகள். பெயரைப் பார்த்தால் பள்ளியில் படித்ததுதானே என்று தோன்றும். மீட்சித்தன்மை, பாகுநிலை, பரப்பு இழுவிசை எல்லாம் பழைய தலைப்புகள்தான். ஆனால் பள்ளியில் சூத்திரத்தை எழுதிக் கணக்குப் போட்டால் போதும், இங்கே அந்தச் சூத்திரத்தை வருவித்துக் காட்ட வேண்டும். ஒரு முனையில் பொருத்தப்பட்ட சட்டத்தின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளையும் என்பதற்கு இரண்டு முறை தொகையிட (இன்டக்ரேஷன் செய்ய) வேண்டும். மெல்லிய குழாய் வழியாக ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்ற புவாஸோய் சமன்பாடும் தொகையிடலில்தான் பிறக்கிறது. அடுத்து வெப்ப இயக்கவியல் வரும். அதில் வெப்பநிலை, அழுத்தம், கனஅளவு போன்றவற்றை இணைக்கும் மேக்ஸ்வெல் தொடர்புகளைத் தொட்டாலே பகுதி வகைக்கெழு (பார்ஷியல் டெரிவேட்டிவ்) தேவைப்படும். அதற்கப்புறம் மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல். அங்கே கணிதம்தான் பேச்சு மொழி.

கணிதத்தைத் தள்ளிப்போட்ட மாணவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பெயில் ஆவதில்லை. வருவித்தல்களை மனப்பாடம் செய்து எழுதி, நல்ல மதிப்பெண்கூட வாங்கிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் தெரியும், அடியில் ஒன்றும் இல்லை என்று. இயற்பியலை ஆசைப்பட்டு எடுத்த பிள்ளை, எனக்கு இயற்பியல் வராது என்ற முடிவோடு வெளியே போவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை. அவர்களுக்கு வராதது இயற்பியல் இல்லை.

நுழைவுத் தேர்வு என்றதும் ஒரு விவரம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் இயற்பியல் தாளில் 60 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதன் பாடத்திட்டத்தில் முதல் அலகே கணித முறைகள்தான். பல பல்கலைக்கழகங்களின் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்க்கையில், பட்டப்படிப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இன்று படிவத்தில் கணிதத்தை விட்டால், மூன்று வருடம் கழித்து விண்ணப்பம் போடும்போது அது குறுக்கே நிற்கும். மேலே படிக்கும் எண்ணம் இப்போது இல்லை என்று அவள் சொல்லலாம். பதினெட்டு வயதில் சொல்வது இருபத்தொன்றில் மாறக்கூடியதுதானே. கதவை இப்போதே சாத்த வேண்டாம்.

சரி, கணிதம் அவளுக்குப் பயமாக இருக்கிறதே, அதற்கு என்ன வழி? உங்கள் கடிதத்தில் அவள் மதிப்பெண்ணை நூற்றுக்கு 61 என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஓடிப்போக வேண்டிய மதிப்பெண் இல்லை, எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டிய மதிப்பெண். பெரும்பாலும் ஓட்டை பிளஸ் டூவில் இருக்காது, பிளஸ் ஒன்னில் இருக்கும். பிளஸ் ஒன் பாடத்தை அவசரமாக ஓட்டிவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவிய வகுப்பில் அவள் படித்தாளா என்று கேளுங்கள். அப்படியென்றால் பிளஸ் ஒன் கணிதம் இரண்டாம் தொகுதியை எடுத்து, வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் முதலில் முடிக்கட்டும். பிறகு பிளஸ் டூ புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம், பகுதி வகைக்கெழுக்கள், தொகையிடலின் பயன்பாடுகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். இந்த நான்கு பாடங்கள் கைவந்தால் முதலாண்டைச் சமாளிக்கலாம். தனிநிலைக் கணிதத்தை இப்போது தொடவே வேண்டாம். பழைய பாடப்புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முதல் இரண்டு ஆண்டும் அவை அவள் மேசையில் இருக்க வேண்டும்.

தினமும் முக்கால் மணி நேரம், பேனாவும் தாளுமாக. யூடியூபில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இதில் சேராது. தமிழ் வழியில் படித்தவள் என்பதால் கல்லூரியில் ஆங்கிலச் சொற்கள் முதல் மாதம் மிரட்டும். பாடநூலின் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியலைப் படியெடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கணிதம் வராததுபோல் தோன்றுவதில் பாதி இந்தச் சொல் தடுமாற்றம்தான்.

இனி இரண்டாவது அல்லைடு. உங்கள் உறவினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புரோகிராமிங் தெரியாத இயற்பியல் பட்டதாரிக்கு இன்று கஷ்டம்தான். ஆனாலும் நான் வேதியியல் பக்கம்தான் சாய்கிறேன். பைத்தானை ஒரு சாதாரண மடிக்கணினியில், என்.பி.டி.இ.எல். போன்ற இலவச வகுப்புகளின் துணையோடு வீட்டிலேயே கற்கலாம். கல்லூரியில் திறன் மேம்பாட்டுத் தாளாகவோ, நான் முதல்வன் திட்டத்திலோ அது கிடைத்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வேதியியல் ஆய்வகத்தை வீட்டில் வைக்க முடியாது. பிற்காலத்தில் பொருள் அறிவியல், நானோ, சூரிய மின்கலம் என்று போகிறவர்களுக்கு அந்த ஆய்வக அனுபவம் கைகொடுக்கும். ஆசிரியர் வேலை அவள் மனதில் இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது: பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்றுதான், அதில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே இருக்கின்றன. அவளுக்கு வேதியியல் சுத்தமாகப் பிடிக்காது என்றால் கணினி அறிவியலை எடுக்கட்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என்.எம்.இ. என்று ஒரு தாள் இருக்கும், வேறு துறையிலிருந்து எடுப்பது. அதில் அவளுக்குப் பிடித்ததை எடுக்கட்டும், வரலாறோ பொருளாதாரமோ, எதுவானாலும். தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். சில நிறுவனங்கள் மொழித்தாளையும் சேர்த்தே மொத்தச் சதவீதத்தைக் கணக்கிடுகின்றன.

வேலை பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு போன்றவற்றில் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும், அங்கே அல்லைடை யாரும் கேட்கப் போவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு 2022-இல் எஸ்.எஸ்.சி. ஆள் எடுத்தபோது, இயற்பியல் படித்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மருத்துவ இயற்பியலாளர் தேவை. அதற்கான எம்.எஸ்சி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கொடைக்கானலில் 1899-இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் எல்லாம் நம் மாநிலத்தில்தான் உள்ளன. லீவு நாளில் ஒருமுறை கொடைக்கானலுக்குக் கூட்டிப் போங்கள். எந்த ஆலோசகர் சொல்வதையும்விட அது அவளுக்கு அதிகம் சொல்லும்.

முதலாண்டிலேயே ஜாம் கோச்சிங்கில் சேர்ப்பதற்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டாம் ஆண்டு முடியும்போது யோசிக்கலாம். படிவத்தைக் கொடுக்கும் அன்று துறைத் தலைவரை ஐந்து நிமிடம் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: அல்லைடை மாற்ற எந்தத் தேதிவரை அனுமதி உண்டு, கணிதத்தில் தடுமாறுகிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடக்கிறதா. நடக்கிறது என்றால் முதல் வாரமே அவள் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.