மகன், வருண் சக்கரவர்த்தி பெயரைச் சொன்னால்

அம்மா, வணக்கம்.

"அஞ்சு வருஷம் ஆர்க்கிடெக்சர் படிக்க வெச்சது பந்து பொறுக்கவா சார்?" என்று போன சனிக்கிழமை கேட்டீர்கள். வேலையை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று நிற்கும் உங்கள் மகன், தம்பி, பதிலுக்கு இந்திய அணிக்கு ஆடும் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி பெயரைச் சொன்னான். அதற்குமேல் நீங்கள் வாய் திறக்கவில்லை. சரி, அந்தப் பெயரை வைத்தே பேசுவோம்.

வருண் பள்ளியில் விக்கெட் கீப்பர். அணித் தேர்வுகளில் இடம் கிடைக்காமல் 17 வயதில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்து முடித்தார். கொஞ்ச காலம் அந்த வேலையையும் பார்த்துவிட்டு, 25 வயதை ஒட்டி மறுபடி ஆட வந்தார். இதுவரை தம்பி சரியாகத்தான் சொன்னான். அப்புறம் ஒரே தாவலாக, ஐ.பி.எல். ஏலத்தில் வருணுக்குக் கிடைத்த 8.4 கோடிக்குப் போய்விட்டான்.

நமக்கு வேண்டியது அவன் தாண்டிப்போன பகுதி. திரும்பி வந்தபோது வருண் சுழற்பந்து வீச்சாளரே இல்லை, வேகப்பந்து ஆல்ரவுண்டர். முழங்காலில் அடிபட்டதும் வேகத்தை விட்டுவிட்டு சுழலுக்கு மாறினார். 2017-18 சீசனில் சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடி 31 விக்கெட் எடுத்தார். அந்த டிவிஷனில் கூட்டமும் வராது, டிவியும் வராது. ஆனால் எடுத்த விக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் ஏறும். 2018இல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கோப்பையை வென்ற மதுரை அணியில் இருந்தார். அதே ஆண்டு மாநில அணிகள் மோதும் விஜய் ஹசாரே ஒருநாள் போட்டியில் தமிழ்நாட்டுக்கு 22 விக்கெட். அதற்கெல்லாம் பிறகுதான் டிசம்பர் ஐ.பி.எல். ஏலம்: அடிப்படை விலை 20 லட்சம், போனது 8.4 கோடி.

அதோடும் முடியவில்லை. ஐ.பி.எல்.லில் வீசிய முதல் ஓவரில் 25 ரன் போனது, அந்த சீசனில் ஆடியது அந்த ஒரே ஆட்டம். 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு இந்திய அணியில் இடம் போய், திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானபோது வயது 33.

தம்பியிடம் போன சீசன் எத்தனை ஆட்டம், எத்தனை விக்கெட் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? போனை எடுத்து வலைப்பயிற்சி ரீல்ஸ் காட்டினான். பந்து நன்றாகவே திரும்புகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எதிரில் பேட் பிடித்திருந்தது அவன் ரூம்மேட்.

அதனால் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். 24 ஆகிவிட்டது, 23 வயதுக்குட்பட்டோர் அணி இனிக் கிடையாது. இருக்கிற வழி லீக்தான். ஏதாவது ஒரு கீழ் டிவிஷன் கிளப்பில் சேர்ந்து, ஆட்ட நாளுக்கு லீவு போட்டு, ஒரு சீசன் முழுக்க ஆடட்டும். சீசன் முடியும்போது மேல் டிவிஷன் கிளப் ஒன்று தானாகக் கூப்பிட்டால், வேலையை விடுவது பற்றி நானே உங்களிடம் பேசுகிறேன். கூப்பிடவில்லை என்றால் அவனுக்கே விளங்கிவிடும், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. எப்படியானாலும் ஆர்க்கிடெக்ட் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம்.

விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்குமா என்றும் கேட்டீர்கள். கிளப் ஆட்டத்தை மட்டும் காட்டினால் கிடைக்காது. மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் போன்றவற்றைத்தான் கேட்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதும் மத்திய அரசு விதிகளில் கணக்கில் வரும். உங்கள் ஃபைலைப் புரட்டியபோது நான்காம் வருஷ மார்க் ஷீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் மடித்து ஒரு காகிதம் இருந்தது. பல்கலைக்கழக முத்திரையும் 'கிரிக்கெட்' என்ற சொல்லும் கண்ணில் பட்டன, அதற்குள் நீங்கள் ஃபைலை மூடிவிட்டீர்கள். எந்தப் போட்டி, அணியில் ஆடினானா, வெறும் பங்கேற்பா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அதன் ஒரிஜினலை எடுத்து வாருங்கள். மடிப்பில் கிழிந்துவிடும்போல் இருந்தது, தனியாக வையுங்கள்.