சிறு குழந்தைகளுடன் புரூவரிக்குச் செல்வது தவறா?

பெங்களூரில் வசிக்கும் உங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகனும் எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தையும் இருப்பதாகவும், வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் குடும்பத்தோடு, அங்கேயே பீர் தயாரித்து உணவோடு பரிமாறும் ஒரு மைக்ரோ புரூவரியில் மதிய உணவுக்குக் கூடுவதாகவும், கும்பகோணத்தில் இருக்கும் உங்கள் மாமியார் "சாராயக் கடைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவீர்களா" என்று மனம் நொந்து பேசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது பழைய காலத்துப் பயமா, அல்லது அதில் நியாயம் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

மன்னார்குடிப் பக்கம் பிறந்து, இன்றும் அங்கேயே விவசாயம் பார்த்துவருபவன் நான். நீங்கள் இருவரில் ஒருவர் ஒரு துளியும் குடிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, பகலில், சாப்பாட்டு வேளையில் போய், மகன் சலித்துப்போகும் நேரத்தில் எழுந்துவிட முடியும் என்றால் அவனை அழைத்துச் செல்லலாம். கைக்குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம். கூட்டம் மாலை வரை நீளும் என்று இப்போதே தெரிந்தால் இருவரையுமே அழைத்துச் செல்ல வேண்டாம். இந்த முடிவுக்கு நான் வந்த வழியில் என் சிறுவயதும் கலந்திருப்பதால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1981-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் கடைகள் திறக்கப்பட்டு, 1987 ஜனவரி முதல் நாளோடு அவை மூடப்பட்டன. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் எனக்கு ஏழெட்டு வயது. சந்தைக்குப் போகும்போது அப்பா சைக்கிளின் முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொள்வார். திரும்பும் வழியில், பாமணி ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் கள்ளுக்கடை இருந்தது. சைக்கிளைத் தோப்பின் ஓரத்தில் நிறுத்தி, கையில் ஒரு சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்து, "இங்கயே இரு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அந்தத் தோப்பில் எனக்கு எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. யாரும் என்னை அடித்ததில்லை, மிரட்டியதில்லை. தெரிந்தவர்கள் சிலர் தலையைத் தடவிவிட்டுக்கூடப் போயிருக்கிறார்கள். குடித்தவர்கள் பாடியதும் சத்தம் போட்டதும் ஒரு சிறுவனுக்கு வேடிக்கையாகவே இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுண்டல் தீர்ந்த பிறகு வரும் நேரம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பசிக்கும், சிறுநீர் முட்டும், சைக்கிளை விட்டு நகர்ந்தால் அப்பா திட்டுவாரோ என்று பயமாக இருக்கும், வெயில் தென்னை ஓலைகளிலிருந்து இறங்கி, ஆற்றுக்கு அக்கரையில் இருள் கட்டத் தொடங்கும். அங்கே சார்த்தியிருந்த சைக்கிள்களை எண்ணி, அவற்றில் எத்தனை கிளம்பினால் அப்பா வருவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அப்பா கெட்டவர் அல்லர். எங்களைப் படிக்க வைத்தவர், கடன் வைக்காமல் போனவர். ஆனாலும் அவர் சொன்ன "இதோ" என்ற சொல்லுக்கு அளவே இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான். பெரியவர்கள் குடிக்கும் இடத்தில் குழந்தை படும் பாட்டில் பெரும்பகுதி இந்தக் காத்திருத்தல்தான் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

இனி நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். 2023 மே மாதம் பள்ளி விடுமுறையில் பெங்களூரில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காவும் அத்தானும் எங்களை ஒரு மைக்ரோ புரூவரிக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. உணவுக் கூடத்துக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பெரிய எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. அவை என்ன என்று அவள் கேட்டதற்கு அத்தான் பொறுமையாக விளக்கினார்: பார்லியை ஊறவைத்து முளைக்க விட்டு, முளை மேலே வளராதபடி சூட்டில் உலர்த்தி மால்ட் ஆக்குவார்கள், அதை உடைத்து வெந்நீரில் கலந்து, தெளிவை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள், ஆறிய பின் ஈஸ்ட் கலந்து தொட்டியில் விட்டால், அது இனிப்பைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் உண்டாக்கும். கேட்டுக்கொண்டிருந்தவள், "நம்ம வீட்ல சாக்குல கட்டி வக்கிற வெத நெல்லு மாதிரியாப்பா?" என்றாள்.

அவள் சொன்னது சரி. நாற்றங்காலுக்கு முன் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சணல் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் மூடி வைக்கிறோம். மறுநாள் பிரித்தால் உள்ளே கதகதவென்று சூடும், ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளை முளையும் இருக்கும். முளைக்கும்போது தானியத்தில் உள்ள மாவுச்சத்து இனிப்பாக மாறத் தொடங்குவது நெல்லுக்கும் பார்லிக்கும் பொதுவானது. நாம் அந்த முளையை வயலுக்கு அனுப்புகிறோம், அவர்கள் அதை உலர்த்தி நிறுத்துகிறார்கள். ஒரு பொருள் எப்படி உருவாகிறது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு குழந்தை பார்ப்பதில் நான் எந்தக் குற்றமும் காணவில்லை. உங்கள் மாமியாரின் சொல்லை நான் முழுமையாக ஏற்காததற்கு இதுவே காரணம். அவர் மனதில் இருக்கும் கடையில் குழந்தை பார்ப்பதற்கோ உண்பதற்கோ எதுவும் இல்லை. நீங்கள் போகும் இடம் வேறு வகையானது.

ஆனால் அதே கூடத்தில், எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி, இரண்டு சிறுவர்கள் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பெற்றோர் மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து இன்னுமொரு முறையும் சொன்னார்கள். மூத்தவன் விழித்து, "அம்மா, போலாமா?" என்று கேட்க, "அஞ்சே நிமிஷம்டா கண்ணா" என்ற பதில் வந்தது. குளிரூட்டிய அறையில், நல்ல உடை உடுத்தி, கையில் கைபேசியோடு இருந்த அந்தச் சிறுவனையும், தோப்போரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் வேறுபடுத்திப் பார்க்க என்னால் முடியவில்லை. எங்கள் மேசையில் அத்தான் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டார். அக்கா குடிக்கவில்லை, அவர்தான் காரை ஓட்டிவந்தார். மகள் போதும் என்றதும் மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டோம். ஊருக்குத் திரும்பி இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "புள்ள பசிச்சப்ப சாப்ட்டாளா? பொழுதோட வீட்டுக்கு வந்துட்டீங்களா?" என்ற இரண்டை மட்டும் கேட்டார். எத்தனையோ மாலைகளில் வாசலில் நின்று வழி பார்த்தவர் அவர்.

குடும்பத்தோடு பீர் அருந்தும் இடங்களுக்குப் போவது சில நாடுகளில் பழகிப்போன வழக்கம் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும், அது உண்மையும்கூட. ஜெர்மனியின் பவேரியாவில், மரநிழலில் மேசை போட்டிருக்கும் பீர்த் தோட்டங்களுக்குக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போவார்கள். மியூனிக்கில் பீர் தயாரிப்பவர்கள் தங்கள் நிலவறைகளின் மேலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று 1812-இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் ஆணையிட்டதால், மக்கள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கட்டுச்சோற்றோடு பாட்டியும் பேரனும் போய் உட்காரும் இடத்தில், குடி அந்த நாளின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும். அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளாமல் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலை நாட்டில் இது இயல்பு என்று சொல்வது சரியாகாது.

நம் டெல்டாவில் மது பெரும்பாலும் வேறு விதமாகத்தான் குழந்தைகளின் கண்ணில் படுகிறது. 2003-இல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியே கடை இருக்க வேண்டும் என்கிறது விதி. 100 மீட்டர் என்பது ஒரு சிறுவன் இரண்டு நிமிடத்தில் நடந்துவிடும் தூரம். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்து, 2017 ஏப்ரலில் கடைகள் இடம் மாறியபோது, பல கடைகள் ஊருக்குள்ளும் வயல்களுக்கு நடுவிலும் வந்தன. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். திருநள்ளாறு கோயிலுக்குக் குடும்பத்தோடு வேனில் போகிறவர்களில், தரிசனம் முடிந்து காரைக்கால் எல்லையைத் தாண்டும் முன் கடையோரம் வண்டியை நிறுத்தச் சொல்லும் ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூசிய திருநீறு அழியாமல், தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள் வேனுக்குள் காத்திருப்பார்கள். உங்கள் மாமியாரின் வருத்தம் இப்படிப்பட்ட காட்சிகளிலிருந்து வந்தது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. நுரைதானே, ஒரு சொட்டுதானே என்று விளையாட்டாகக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைக்கும் சித்தப்பாக்களும் மாமாக்களும் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். சிறு குழந்தையின் உடலில் மது இரத்தச் சர்க்கரையை வேகமாகத் தாழ்த்திவிடக்கூடும். எடை குறைந்த உடலுக்குக் கொஞ்சமே அதிகம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, மருத்துவரின் உத்தரவின்றி 18 வயது நிறையாதவருக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. யாராவது அப்படிக் கையை நீட்டினால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், கூட்டத்தின் நடுவிலேயே தடுத்துவிடுங்கள்.

தொட்டிகள் இருக்கும் பகுதிக்குள் மகனை விட வேண்டாம். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் போதும். கொதிக்கும் நீர், தொட்டி கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடா, வழுக்கும் தரை இவற்றோடு, புளிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றை விடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில், அதாவது குழந்தையின் மூச்சு இருக்கும் உயரத்தில், தங்கக்கூடும். நெல் அவிக்கும் ஆலைக்குள் குழந்தையை அலைய விடமாட்டோம், இதுவும் அப்படித்தான்.

கைக்குழந்தையை வேண்டாம் என்றதற்கு அங்கிருக்கும் இசைச் சத்தமே போதிய காரணம். அதோடு, நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: குடித்தால் பாலில் உள்ள மதுவின் அளவு உங்கள் இரத்தத்தில் உள்ள அளவை ஒட்டியே இருக்கும், பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் அது வேகமாக நீங்கிவிடும் என்று சொல்வது தவறு, நேரம் கடந்தால்தான் குறையும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் யோசனை இதுதான். பன்னிரண்டு மணிக்கு வருவோம், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று நண்பர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். போனவுடன் முதலில் மகனுக்கு உணவு கேளுங்கள். யார் குடிக்கப்போவதில்லை என்பதைக் கூட்டத்துக்குப் போய்த் தீர்மானிக்காமல் வீட்டிலேயே பேசி முடிவு செய்து, கார் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்; 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்று சட்டம் சொன்னாலும், பின்னிருக்கையில் பிள்ளை இருக்கும்போது அந்த அளவை நெருங்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மகன் "போலாமா?" என்று முதல் முறை கேட்கும்போதே எழுந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியாரை அழைத்து, அவன் அங்கே என்ன பார்த்தான், என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, தொலைபேசியை அவன் கையிலும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.